முன்கூட்டியே சொல்லிவிடும் குடும்பம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு சபை மண்டபத்தில் கூடிய சிலைக் கமிட்டி, உன் கொள்ளுத்தாத்தாவின் சிமெண்ட் சிலையிலுள்ள ஷூவுக்குக் கறுப்பு வர்ணமே பூசுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. பிரவுன் வேண்டும் என்று கடைசிவரை நின்ற தரப்பு, சபையின் ஒற்றுமையைக் கருதி விட்டுக்கொடுத்தது. ஆம்பூரில் ஷூவைப் பற்றிக் கருத்து இல்லாதவர் யாரும் இன்னும் பிறக்கவில்லை என்பதால் விவாதம் பிரியாணி ஆறும்வரை நீடித்தது. ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், பிரவுன் என்பது ஏற்றுமதிக்கு, கறுப்பு என்பது கௌரவத்துக்கு என்று எழுந்து சொன்ன பிறகுதான் அமைதி திரும்பியது. பேசியவர்கள் யாரும், சிலைக்குரியவர் தலைமை தாங்கிய தொழிலாளிகள் காலில் என்ன போட்டிருந்தார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவர்களில் ஒருவர் என் தாத்தா.

உனக்கு நான் எழுதும் இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி சபையின் மாதப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். அம்மா மகனுக்கு எழுதுவதை ஊருக்குக் காட்டுவது முறையா என்று உனக்குக் கோபம் வரலாம். எதையும் வெளிப்படையாக, முன்கூட்டியே, ஊரறியச் செய்ய வேண்டும் என்பது நம் வீட்டுக் கொள்கை. நீ தொழிலாளர் சங்கத் தலைவரான நாளில் மேடையில் சொன்னதும் அதையேதான். அந்தக் கொள்கைக்குத்தான் நான் கட்டுப்பட்டிருக்கிறேன். மேலும், சிலை திறப்புக்கு நீ அடித்த அழைப்பிதழ் ஏற்கெனவே ஷூ கம்பெனி எம்.டி.யின் மேசைக்குப் போய்விட்டது. நான் எழுதுவதால் கெட்டுப்போக இரகசியம் எதுவும் மிச்சமில்லை.

நம் வீட்டில் சிலைக்குரியவருக்குப் பெயர் கிடையாது, பட்டம்தான். ராவ் சாகிப். நான் மருமகளாக வந்த முதல் வாரத்தில் உன் தாத்தா என்னைக் கூடத்துப் படத்தின் முன் நிறுத்தி, அந்த வாழ்க்கையை முழுதாகச் சொன்னார். மிஷன் பள்ளியில் படித்தவர், அதே பள்ளிக்குத் தலைமை ஆசிரியரானவர். தோல் பதனிடும் டேனரித் தொழிலாளிகளுக்கு மாலையில் வேத வகுப்பு எடுக்கப் போய், அவர்கள் கண்ணீரைக் கண்டு, கிறிஸ்தவத் தொழிலாளர் சகோதர சங்கத்தை நிறுவினார். முதலாளியும் தொழிலாளியும் கணவன் மனைவி போல. சண்டை வரலாம், தள்ளிவைத்தல் கூடாது என்பது அவர் போதனை. இதில் கணவன் யார் என்பதை அவர் விளக்கியதில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை. வெள்ளைக்காரக் கலெக்டருக்கு இந்தப் போதனை மிகவும் பிடித்திருந்தது. மிஷன் துரைக்கும் பிடித்திருந்தது. டேனரி முதலாளிகளுக்கு எல்லோரையும்விட அதிகமாகப் பிடித்திருந்தது. இத்தனை பேருக்குப் பிடித்த தொழிலாளர் தலைவர் ஒருவர் வடாற்காட்டில் அதற்கு முன் இருந்ததில்லை என்று உன் தாத்தா சொன்னார். நானும் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

அவர் பெற்றுத்தந்தவை சில உண்டு. நான் மறைக்க மாட்டேன். வேலை நேரத்தில் பத்து நிமிடம் ஜெபம் செய்ய அனுமதி வாங்கித் தந்தார். அந்தப் பத்து நிமிடத்தை முதலாளி சாப்பாட்டு நேரத்திலிருந்து எடுத்துக்கொண்டார். கிறிஸ்தவத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுப்பு வாங்கித் தந்தார். அந்த வேலையைச் சனிக்கிழமையே முடித்துக் கொடுப்பதென்று அவரே முன்வந்து ஒப்புக்கொண்டார். டேனரி வாசலில் ஒரு கடிகாரம் வைக்கச் செய்தார். அதற்குமுன் தாமதமாக வந்தவர்கள் தாமதமாக வந்தோம் என்பது தெரியாமல் உள்ளே போய்விடுவார்கள். பிறகு மாகாணச் சட்டசபைக்குத் தொழிலாளர் பிரதிநிதியாக அவரை கவர்னர் நியமித்தார். தொழிலாளிகள் தேர்ந்தெடுக்கவில்லையே என்று யாரோ கேட்டபோது, வேதத்தில் தாவீது ராஜாவையும் யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை என்றாராம். சட்டசபையில் அவருடைய முதல் பேச்சு, கவர்னரின் மனைவிக்குச் சளிக்காய்ச்சல் குணமானதற்கு ஆம்பூர்த் தொழிலாளர் சார்பில் நன்றி தெரிவித்து. ஆம்பூர்த் தொழிலாளருக்கு அந்த அம்மாளுக்குச் சளி பிடித்த சேதியே அப்போதுதான் தெரியவந்தது.

இந்தக் கதையில் ஒரு வேலைநிறுத்தமும் வரும். உன் தாத்தா அதைச் சொல்லும்போது, “உலகத்துலயே ஜெபத்தோட ஆரம்பிச்ச ஒரே ஸ்ட்ரைக்கும்மா அது” என்பார். நீயும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். என் பிறந்த வீட்டில் அதே வேலைநிறுத்தத்துக்கு வேறொரு கதை இருந்தது. என் அப்பா, என் கல்யாணப் பேச்சுக்காக இந்த வீட்டுக்கு முதன்முறை வந்தபோது, கூடத்துப் படத்தைப் பார்த்தார். “இவருதானா குழிய காலி பண்ணவரு?” என்று கேட்டார். உன் தாத்தா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, “ஆமாங்க, அவரேதான்” என்று கைகூப்பினார். சம்பந்தம் முடிந்தது. நம் இரண்டு குடும்பங்களின் உறவு இத்தனை காலம் சுமுகமாக நீடித்ததற்கு, அன்று யாரும் மேற்கொண்டு விளக்கம் கேட்காததே காரணம்.

விளக்கம் இதுதான். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இறக்குவார்கள். இறக்கிய தோலை வேளைக்கு வேளை புரட்ட வேண்டும். பக்குவம் வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். விட்டால் இற்றுப்போய் ஒன்றுக்கும் உதவாது. அதனால் குழி நிறைந்திருக்கும் நாளில் தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றால், முதலாளி சாயங்காலத்துக்குள் பேச வருவார். குழி காலியாக இருக்கும் நாளில் நின்றால், வெயிலில் நிற்கிறான் என்றுதான் பொருள். பேரணாம்பட்டு முதல் வாணியம்பாடி வரை இது தெரியாத குழந்தை அந்தக் காலத்தில் கிடையாது. ராவ் சாகிப்புக்கும் நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியாது என்று நினைத்து அவரை மன்னித்துவிடாதே.

அந்த வருடம் சுண்ணாம்புக் குழிக்காரர்கள் காலுக்கு ஏதாவது கேட்டார்கள். வெறுங்காலோடு குழியில் இறங்கி இறங்கிச் சுண்ணாம்பு விரலிடுக்கை அரித்துத் தின்றுவிடும். என் தாத்தாவின் கால் விரல்களில் நகமே கிடையாது என்று அப்பா சொல்வார். கேட்டது ரப்பர் ஷூ. முதலாளி மறுத்தார். குழி நிறைந்திருந்த ஒரு நாளில் தொழிலாளிகள் சங்க அறைக்கு வந்தார்கள். அவர்களுக்காகப் பேசியவர் கரீம் பாய், குழி மேஸ்திரி. பெயரில்தான் அது கிறிஸ்தவச் சங்கம். சுண்ணாம்பு யாருடைய காலையும் விசாரித்து அரிப்பதில்லை என்பதால் எல்லோரும் அதில் இருந்தார்கள்.

“வாத்தியார் சாப், குழி எல்லாம் ரொம்பி நிக்கிது. இன்னிக்கே கைய எடுத்தா நாளிக்கு கூப்ட்டு பேசுவாங்க. ஜெபத்த அப்றம் வச்சிக்கலாம்” என்றார் கரீம் பாய்.

“ஆண்டவரை அப்புறம் வைத்துக்கொள்ள முடியுமா, கரீம்?”

“நாங்களும் அஞ்சு வேள தொழுறோம், சாப். ஆனா தொழுறதுக்கு முன்னாடி மொதலாளிக்கு ஆள் உட்டு சொல்றதில்ல.”

எல்லோரும் சிரித்தார்களாம். ராவ் சாகிப் சிரிக்கவில்லை. மறைவில் செய்வது இருளின் கிரியை என்றார். மூன்று நாள் உபவாச ஜெபம், நான்காம் நாள் வேலைநிறுத்தம் என்று ஞாயிறு ஆராதனையில் பிரசங்க பீடத்திலிருந்து அறிவித்தார். அறிவிப்பின் ஒரு பிரதியை முதலாளிக்கு மரியாதையோடு கொடுத்தனுப்பினார். முதலாளி கண் கலங்கி, “இந்த மாதிரி நாணயமான எதிராளி கிடைக்க குடுத்து வச்சிருக்கணும்” என்றாராம். இந்த வாக்கியத்தை உன் தாத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நம் வீட்டில் இதை ஒரு பதக்கம்போலத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள்.

மூன்று நாளில் புதுத் தோல் ஒன்றும் குழியில் இறங்கவில்லை. உள்ளே இருந்த தோலையெல்லாம் இராப்பகலாக வெளியே எடுத்தார்கள். எடுத்தவர்கள் யார் என்று நினைக்கிறாய்? உபவாசத்தில் இருந்த அதே ஆட்கள். வேலைநிறுத்தம் நான்காம் நாள் என்று தலைவர் சொல்லிவிட்டார். அதுவரை உழைப்பது கடமை என்றும் சொல்லிவிட்டார். வெறும் வயிற்றோடு, வெறுங்காலோடு, தங்களிடமிருந்த ஒரே ஆயுதத்தைத் தாங்களே குழியிலிருந்து தூக்கிக் கரையில் போட்டார்கள். நான்காம் நாள் காலையில் வாசலில் நின்றார்கள். முதலாளி குதிரை வண்டியில் வந்திறங்கி, “நல்லா ரெஸ்ட் எடுங்கப்பா, பாவம்” என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் திரும்பிப் போனார்கள். கரீம் பாயைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் கோலார்ப் பக்கம் போய்விட்டார். என் தாத்தாவைச் சேர்த்துக்கொண்டார்கள், அதே குழியில், அதே காலோடு. ஒழுங்கும் அமைதியும் காத்த தொழிலாளர் தலைவர் என்று பாராட்டி, அரசாங்கம் ஆசிரியருக்கு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. பட்டம் வாங்கப் போகும்போது புது ஷூ வாங்கினார். ஆம்பூர்த் தோல் கப்பலில் சீமைக்குப் போய் ஷூவாகித் திரும்பி வந்த ஷூ. கறுப்பு நிறம். கமிட்டியின் தீர்மானத்தில் வரலாற்றுப் பிழை எதுவுமில்லை.

நான் வரலாறு சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தவள். அந்தப் படத்துக்கு இத்தனை வருடம் வெள்ளிக்கிழமைதோறும் தூசி தட்டியிருக்கிறேன். செத்துப்போனவர்மேல் கோபம் வைத்திருப்பது வீண் என்பது எனக்குத் தெரியும். நான் இப்போது எழுத உட்கார்ந்தது அவருக்காக அல்ல. போன வாரம் செல்வி நம் வீட்டுக்கு வந்தாளே, அதற்காக.

கடிதம் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: செல்வி, ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் லைனில் இருப்பவள். நாட்றம்பள்ளிக்கு அப்பால் ஒரு கிராமம். கம்பெனி பஸ் விடிவதற்குள் வந்து அங்கிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வரும். அந்த வேளையில் வேறு பஸ் கிடையாது. அடுத்த திங்களிலிருந்து நாட்றம்பள்ளி பஸ்ஸை நிறுத்தப்போவதாகக் கம்பெனி வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறது. பஸ் நின்றால் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வேலை நின்றது. செல்வியின் மகள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள். பாதிப் படிப்பில் இருக்கிறாள். செல்வியும் உடன் தைக்கும் ஒருத்தியும் தங்கள் சங்கத் தலைவரான உன்னைத் தேடி வந்தார்கள். சங்கம் பழைய சங்கம்தான். கம்பெனியும் பழைய டேனரி குடும்பத்தின் கம்பெனிதான். நீ டீ போடச் சொன்னாய். நான் சமையலறையில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்; ஒட்டுக்கேட்டேன் என்று நீ சொல்ல முடியாதபடி கதவைத் திறந்து வைத்தேன்.

“நாங்க ஒண்ணும் ஸ்ட்ரைக் கேக்கல சார். ஷிப்மெண்ட் வாரத்துல ஓவர்டைம் வேணாம்னு வீட்டுக்கு போய்டறோம். அவ்ளோதான். கண்டெய்னர் வெயிட் பண்ணும். பஸ்ஸ நிறுத்தலன்னு அவங்களே வந்து சொல்லுவாங்க” என்றாள் செல்வி.

“அதை முன்னாடியே அறிவிச்சிட்டு செய்வோம்மா. அதான் நமக்கு கௌரவம்” என்றாய் நீ.

“யாருக்கு சார் கௌரவம்? சொல்லிட்டா, தைக்கிற வேலைய வாணியம்பாடில ஜாப் வொர்க்குக்கு குடுத்துட்டு போய்னே இருப்பாங்க.”

“நம்ம எம்.டி. அப்படிப்பட்டவர் இல்ல.”

“ஆமா சார், ரொம்ப நல்லவரு. அதான் பஸ்ஸ நிறுத்துறாரு.”

கூட வந்தவள் சிரித்து டீயைச் சிந்தினாள். உனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முகத்தை நான் கூடத்துப் படத்தில் பார்த்திருக்கிறேன். வியாழன் முதல் சனி வரை உபவாச ஜெபம், ஞாயிறு சிலை திறப்பு, திங்கள் முதல் ஓவர்டைம் மறுப்பு என்று நீ அங்கேயே தீர்மானித்தாய். ஓவர்டைம் பார்ப்பது தொழிலாளியின் விருப்பம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று ஒரு வழக்கறிஞராக நீயேதான் முன்பு எனக்குச் சொன்னாய். விருப்பமில்லாமல் போவதற்கு மூன்று நாள் முன்னறிவிப்பு கொடுக்கும் வழக்கத்தை எந்தச் சட்டப் புத்தகத்தில் படித்தாய்? நாளைப் பந்தியில் எனக்குப் பசிக்காது என்று முதல் நாளே கடிதம் போடுகிறவன் உண்டா?

அவர்களை வழியனுப்ப நான்தான் வாசல்வரை போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே செல்வி கேட்டாள்: “ஏம்மா, சாருக்கு நாங்க ஜெயிக்கணுமா, இல்ல நல்லபடியா தோக்கணுமா?” எனக்குப் பதில் தெரியும். உன் அம்மா என்பதால் சொல்லவில்லை.

மறுநாள் நீ அழைப்பிதழை அச்சடித்தாய். எம்.டி.தான் சிலையைத் திறந்துவைக்கிறார். அவர் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில், ஓவர்டைம் மறுப்பின் தேதி. நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாய்: “பிரதர், நீங்க உங்க கொள்ளுத்தாத்தா மாதிரியேன்னு சொன்னாரும்மா.” உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? பத்தாம் வகுப்பில் நீ மார்க் வாங்கிவந்த நாளில்கூட அப்படி இல்லை. சிலைக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று கம்பெனியிலிருந்து ஒரு ஜோடி கறுப்பு ஷூவும் கொடுத்தனுப்பியிருக்கிறார். சிற்பி அதைப் பார்த்துத்தான் வர்ணம் பூசுகிறார்.

நான் உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய இடம் இது. நீ கெட்டவன் இல்லை. ராவ் சாகிப்பும் கெட்டவர் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் தொழிலாளிகள் எச்சரிக்கையாக இருந்திருப்பார்கள். உன் கோளாறு வேறு. யாருக்காக நிற்கிறாயோ அவர்கள் உன்னை நம்பினால் உனக்குப் போதவில்லை. யாரை எதிர்த்து நிற்கிறாயோ அவர் உன்னை மெச்ச வேண்டும். இரண்டாவது கிடைக்கும்போதெல்லாம் அதற்கான செலவு முதலாமவர்களிடமிருந்துதான் போகிறது. இதற்கு நம் வீட்டில் நேர்மை என்று பெயர். நேர்மை என்பது உன்னுடைய பொருளை நீ விட்டுக்கொடுப்பது. செல்வியின் பஸ் உன்னுடையது அல்ல. என் தாத்தாவின் கால் உன் கொள்ளுத்தாத்தாவுடையதும் அல்ல.

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் தினமும் ஜெபிக்கிறவள். ஜெபிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளும்படி வேதத்திலேயே சொல்லியிருக்கிறது. உனக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. இன்றைக்குப் புதன்கிழமை. திங்கள் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே ஓவர்டைம் பார்க்காமல் எல்லோரும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு பஸ் ஏறுங்கள் என்று செல்வியிடம் போய்ச் சொல். அழைப்பிதழில் போட்டதை மீறினால் எம்.டி. உன்னைப் பொய்யன் என்பார். சொல்லட்டும். ஒருமுறையாவது இந்தக் குடும்பத்தில் ஒருவனை முதலாளி திட்டினார் என்று நான் கேட்டுவிட்டுச் சாக ஆசைப்படுகிறேன். சிலைக்கு என்ன வர்ணம் வேண்டுமானாலும் பூசிக்கொள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறேன்.

இதுவரை எழுதி, பத்திரிகைக்கு அனுப்பும் முன் முறைப்படி உனக்குக் காட்டினேன். நீ நின்றுகொண்டே படித்தாய். “நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா வாக்கு குடுத்துட்டேனே” என்றாய். பிறகு ஜெபக்கூட்டத்துக்கு மைக் செட்டுக்காரரிடம் சொல்லப் போய்விட்டாய். இதழ் அடுத்த வாரம்தான் அச்சுக்குப் போகிறது என்பதால், மீதியையும் எழுதிச் சேர்த்து அனுப்புகிறேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கம்பெனியில் ஓவர்டைம் கேட்டார்கள். மறுப்பு திங்கள் முதல்தான் என்பதால் லைனில் எல்லோரும் உட்கார்ந்து தைத்தார்கள். மீதி வேலை வாணியம்பாடிக்குப் போனது. சனிக்கிழமை மத்தியானம் ஷிப்மெண்ட் முழுவதையும் ஏற்றிக்கொண்டு கண்டெய்னர்கள் சென்னைக்குக் கிளம்பின. ஞாயிற்றுக்கிழமை எம்.டி. சிலையைத் திறந்துவைத்தார், ஷூ கறுப்பாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை நாட்றம்பள்ளிக்கு பஸ் போகவில்லை.